உசார்க் கந்தோரும் கடைசி வாய்க்காலும்

ஏரம்பு களைத்துப்போயிருக்கிறார் என்ற சங்கதி, அரசாங்கக் கடிதம் வந்த பிறகுதான் ஏரம்புவுக்கே தெரிந்தது.

"என்னவாம்?" என்று குசினிக்குள் இருந்து கேட்டாள் பெண்சாதி அன்னபாக்கியம்.

"நான் களைச்சுப் போனனாம்."

"ஆர் சொன்னது?"

"அரசாங்கம்."

"அரசாங்கத்துக்கு ஆர் சொன்னது?"

ஏரம்பு கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் நினைவு வந்தது. போன கிழமை வாய்க்கால் கரையில் உட்கார்ந்து துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு "அப்பனே முருகா" என்று ஒரு பெருமூச்சு விட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப் போனது. ஜீப்புக்குள் இருந்தவர் தலையை நீட்டிப் பார்த்தார், எதையோ எழுதினார். வெயில் ஏறிய நேரத்தில் வன்னியில் எவன்தான் பெருமூச்சு விடமாட்டான்? ஆனால் மற்றவன் விட்டால் அது மூச்சு. ஏரம்பு வட்டவிதானை. அவர் விட்டால் அது நாட்டின் பிரச்சினை.

வட்டவிதானை என்றால் பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோக நெல் செய்கிற கமக்காரர் கூட்டம் கூடி, "தண்ணியைச் சண்டையில்லாமல் பங்கிட்டு விடு" என்று ஒருவனைப் பிடித்து முன்னால் தள்ளுவார்கள். தள்ளுப்பட்டவர்தான் வட்டவிதானை. தண்ணீர் முறைபோட்டு வரும். மேல் வாய்க்கால்காரரின் முறை முடிந்ததும் அவர்களுடைய கதவுகளை இறக்கிப் பூட்டினால்தான் தண்ணீர் கீழே இறங்கும். கதவு ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் பூட்டோடுதான் நிற்கும்; பூட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே திறப்பு, ஒரே சாவி. அது ஏரம்புவின் அரைஞாணில் கிடக்கும். குளிக்கும்போதும் கிடக்கும். கதவில் கைவைத்த ஒருவனைப் போன வருடம் நீதவான் கோட்டுக்கு ஏற்றி, தண்டப்பணம் கட்டவைத்தவர் அவர். சொந்தக்காரன் என்றும் பார்க்கவில்லை. அதற்காகவே சனம் திரும்பவும் அவரைத் தெரிவு செய்தது, அதற்காகவே சனம் அவரைத் திட்டியது.

கடிதம் அனுப்பிய கந்தோரின், அந்த அரசாங்க அலுவலகத்தின், கதையையும் சொல்லத்தான் வேண்டும். சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் போனபின், நாட்டில் நெல் ஏன் போதாமல் இருக்கிறது என்று கொழும்பில் பெரிய மூளைகள் கூடி யோசித்தன. வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, உரம் அறுவடைக்குப் பிறகு வருகிறது என்று கமக்காரன் கத்தினது காதில் விழவில்லை. காது இருந்தால்தானே விழுவதற்கு. 'வேலைத்தலங்களில் தலைவர்கள் களைத்துப் போகிறார்கள், உற்சாகம் குன்றுகிறார்கள், ஆகையினால் விளைச்சல் குன்றுகிறது' என்று கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த சூட்டோடு, 'உழைப்போர் தலைவர் உற்சாகம் பேணற் பகுதி' என்று கிளிநொச்சியில் ஒரு கந்தோரைத் திறந்து, கதிரை, அலுமாரி, மின்விசிறி எல்லாம் இறக்கினார்கள். சனம் அந்தப் பெயரை வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டு, 'உசார்க் கந்தோர்' என்று துப்பியது.

அந்தக் கந்தோருக்குத்தான் ஏரம்பு பயிற்சிக்கு வரவேண்டுமாம். வராவிட்டால் விதானைப் பதவி போய்விடுமாம். களைப்பைத் தீர்க்கிறவர்கள் இப்படித்தான் அன்பாக எழுதுவார்கள்.

புறப்படுகிற அன்று மச்சாள் கமலாசனி வாசலில் வந்து நின்றாள். அன்னபாக்கியத்தின் தங்கச்சி. புருசன் பாம்பு கடித்துச் செத்தபிறகு மூன்று ஏக்கரைத் தனியாகச் செய்து இரண்டு பொம்பிளைப் பிள்ளைகளை வளர்க்கிறவள். அவளுடைய வயல் கடைசி வாய்க்காலில், அதிலும் கடைசி.

"அத்தான், பயிர் குடலையிலை நிக்குது, கதிர் வெளியிலை வரப்போகுது. இந்த முறைத் தண்ணி வராட்டில் கதிர் முழுக்கச் சப்பியாப் போகும், ஒரு மணி தேறாது. அடுத்த முறைக்குத் தாங்காது. வறட்டுக் கச்சான் காத்தும் ஊதத் தொடங்கியிட்டுது."

"தெரியும் பிள்ளை. வெள்ளிக்கிழமை உங்கடை வாய்க்காலின்ரை முறை. பயிற்சி புதனோடை முடியுதாம். வெள்ளி விடியத் தண்ணி உன்ரை வயலிலை நிக்கும். நான் பொறுப்பு."

நான் பொறுப்பு என்று ஏரம்பு சொன்னால் அது கல்லில் எழுதினது மாதிரி. கமலாசனி ஆறுதலாகப் போனாள்.

உசார்க் கந்தோரில் வட்டவிதானைமார், றோட்டு ஓவசியர், சங்கக் கடை மனேச்சர் என்று தலைமைப் பாரம் சுமக்கிற பலர் சுவரோரமாகக் குந்தியிருந்தார்கள். கடலோரக் கொக்கிளாயிலிருந்து, மீன்பிடிக்கிற கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி மரியநேசனும் வந்திருந்தார். ஏரம்புவுக்கு உதவியாக நிற்கிற பரமலிங்கத்தையும் அழைத்திருந்தார்கள். அவன் இன்னும் தலைவன் ஆகவில்லை. ஆனால் ஆவதற்கு முன்னமே களைத்துவிடக்கூடாது என்பது கந்தோரின் தூரநோக்கு.

உற்சாக உத்தியோகத்தர் யோகநாதன் துரை மேடையேறினார். மடிப்புக் கலையாத வெள்ளை நீளக் காற்சட்டை. முகத்தில் நன்றாக நித்திரை கொண்ட ஒருவரின் பளபளப்பு. ஓய்வெடுப்பது எப்படி என்று அரசாங்கச் செலவில் சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர்.

"அன்பான தலைவர்களே, தலைவன் எண்டவன் மெழுகுதிரி மாதிரி உருகப்படாது" என்று தொடங்கினார்.

மரியநேசன் கையை உயர்த்தினார். "அப்ப என்னெண்டு ஐயா வெளிச்சம் வரும்? உருகாத மெழுகுதிரியை மாதாவுக்கு முன்னாலை வைச்சு என்ன செய்யிறது?"

"கேள்வி கேக்கிறதும் களைப்புத்தான்" என்றார் துரை, கோபிக்காமல். "என்னைப் பாருங்கோ. நான் உத்தியோகத்துக்கு வந்த நாளிலை இருந்து ஒருநாளும் களைச்சதில்லை. என்ரை மேசையிலை ஒரு கடதாசி காணமாட்டியள். மேலையிருந்து என்ன வந்தாலும் கீழை அனுப்பிப்போடுவன். கீழை உள்ளவர் தனக்குக் கீழை அனுப்புவார். எல்லாத்துக்கும் கீழை இருக்கிறவர் திருப்பி மேலை அனுப்புவார். அதுக்கிடையிலை அலுவல் தானாச் செத்துப்போம். இதைத்தான் நாங்கள் பொறுப்புப் பகிர்தல் எண்டு சொல்லுறது. கடைசியா நான் ஒரு அலுவலை என்ரை கையாலை செய்தது எப்ப எண்டு யோசிச்சுப் பாத்தன். ஞாபகம் வரேல்லை. அவ்வளவுக்கு நான் உசாரா இருக்கிறன்."

கிளாக்கர்மார் கைதட்டினார்கள். ஏரம்புவும் தட்டினார். மனுசன் எதைச் சொல்கிறார் என்று விளங்கவில்லை, ஆனால் அரசாங்கம் பேசினால் கைதட்டுவது அவர் பழகிய மரியாதை.

பயிற்சி தொடங்கியது. காலையில் எல்லோரும் நெஞ்சில் கைவைத்து, "எனக்குக் களைப்பில்லை, எனக்குக் கவலையில்லை" என்று சேர்ந்து சொல்லவேண்டும். பிறகு விசில் ஊதினால் சிரிக்கவேண்டும். இரண்டாம் விசிலுக்குச் சிரிப்பை நிறுத்தவேண்டும். றோட்டு ஓவசியர் ஒருநாள் விசிலுக்கு முன்னமே சிரித்துவிட்டார். அவருக்கு எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. பிறகு ஒரு மருந்துக்கலவையாளர் வந்து ஒவ்வொருவரின் நாக்கையும் நீட்டச்சொல்லிப் பார்த்து உற்சாகத்தின் அளவைச் சொல்லுவார். வெற்றிலை போட்டவர்களுக்கெல்லாம் உற்சாகம் மெத்த அதிகம் என்று முடிவு வந்தது.

மத்தியானத்தில்தான் பெரிய பாடம். ஓய்வுப் பரீட்சை. தலைவர்களை வரிசையாகப் பாயில் படுக்கவைத்து, தலைமாட்டில் கிளாக்கர்மார் நின்று மூச்சைக் கேட்டு எழுதுவார்கள். விடியமுன் எழும்பிப் பழகிய மரியநேசன் பாயில் சரிந்தவுடன் குறட்டை விட்டார். அவருக்கு முதற்பிரிவில் சித்தி; பரீட்சை பாஸ். ஏரம்புவுக்குக் கண்ணை மூடினால் வாய்க்கால் வந்து நின்றது. புரண்டார். எழும்பிக் குந்தினார். "அந்தரப்படுகிறார்" என்று கிளாக்கர் எழுதினார்.

புதன்கிழமை முடிவு வந்தது. ஏரம்பு சித்தியடையவில்லை. இன்னும் ஒரு கிழமை, ஏழு நாள், நின்று ஓய்வு படிக்கவேண்டும்.

ஏரம்பு யோகநாதன் துரைக்கு முன்னால் போய் நின்றார். துவாய் தோளிலிருந்து இறங்கிக் கைக்கு வந்திருந்தது.

"ஐயா, வெள்ளிக்கிழமை கடைசி வாய்க்காலுக்கு முறை. நான் போகாட்டில் தண்ணி மேலையே நிண்டிடும். குடலையிலை நிக்கிற பயிர் ஐயா."

துரை அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பாத்தியளே, இதுதான் நோய். தண்ணி ஓடுறது தண்ணியின்ரை வேலை. உங்களுக்கேன் அந்தரம்? உங்கடை இடுப்பிலை என்ன தொங்குது?"

"திறப்பு ஐயா. வாய்க்கால் கதவுத் திறப்பு."

"உதுதான் உங்களை நித்திரை கொள்ள விடாதது. நாளைக்குப் பாரமிறக்கும் வைபவத்திலை அதை இறக்கி வையுங்கோ. உடனை சித்தி. அண்டைக்கே வீட்டை போகலாம்."

ஏரம்பு கணக்குப் போட்டார். இறக்கினால் பரமலிங்கத்தின் கையில் கொடுக்கலாம். பரமலிங்கம் ஊர்ப்பொடியன், வாய்க்கால் தெரிந்தவன். வியாழனே இரண்டு பேரும் ஒன்றாகப் போய்விடலாம். திறப்பு யாருடைய இடுப்பில் தொங்கினால் என்ன? தண்ணீர் போனால் சரி. வாழ்நாளில் ஒருநாளும் கழற்றாததைக் கழற்ற அந்த மனுசன் ஒத்துக்கொண்டது அப்படித்தான்.

வியாழக்கிழமை மேளம், நாதசுரம், நிறைகுடம். துரையின் மனைவி ஜெகதீஸ்வரி அம்மா குத்துவிளக்கு ஏற்றினா. ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலைமேல் திறப்பை வைத்து, ஏரம்பு பரமலிங்கத்திடம் நீட்டினார். பரமலிங்கம் வாங்கி மடியில் செருகப்போனான்.

"நில்லும்" என்றார் துரை. "நீர் என்ன படிச்சனீர்? வாங்கினவனும் சுமக்கப்படாது. பகிரும்."

பரமலிங்கம் முழித்தான். படித்ததைச் செய்யாவிட்டால் அவனுக்கும் ஒரு கிழமை. தாம்பாளத்தைப் பக்கத்தில் நின்ற சங்கக் கடை மனேச்சரிடம் கொடுத்தான். மனேச்சர் ஓவசியரிடம் கொடுத்தார். ஓவசியர் மரியநேசனிடம் கொடுத்தார். "எனக்கேனப்பா வாய்க்கால்? நான் கடல்காரன்" என்று மரியநேசன் கிளாக்கரிடம் தள்ளினார். கிளாக்கர், வரிசையில் தனக்குப் பிறகு ஆளில்லாததால், மேலே துரையிடம் கொடுத்தார். துரை அதைத் தொடவில்லை. களைப்பு ஒட்டிவிடும் அல்லவா? கண்ணைக் காட்டினார். பியோன் பேதுரு வந்து தாம்பாளத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான். நாதசுரக்காரர் கெட்டிமேளம் அடிக்கச் சொன்னார். சபை கைதட்டியது. ஏரம்பு வாயைத் திறந்தபடி நின்றார்.

"ஐயா, அந்தத் திறப்பு..."

"உங்கடை திறப்பில்லை, விதானையார். இப்ப அது எல்லாருடையதும்" என்றார் துரை. "இனித் திருப்பிக் கேட்டியளெண்டால் நோய் திரும்பினதா எழுதவேண்டி வரும். போய் ஆறுதலா இருங்கோ."

வெள்ளி விடிய ஏரம்பு கந்தோர் வாசலில் நின்றார். 'கந்தோர் ஊழியர் ஓய்வு தினங்கள்' என்று பலகை தொங்கியது. துரையின் வீட்டுக்கு ஓடினார். ஜெகதீஸ்வரி அம்மா கதவைக் கொஞ்சமாகத் திறந்தா.

"ஐயா படுத்திருக்கிறார்."

"ஒருக்கா எழுப்புங்கோ அம்மா. வயல் காயுது."

"எழுப்பினால் அவர் களைச்சுப்போவார். அவர் களைச்சால் உங்களுக்கெல்லாம் ஆர் உற்சாகம் தாறது?" அவா குரலைத் தாழ்த்தினா. "அலுமாரித் திறப்பு பேதுருவிட்டைத்தான் இருக்கும். அவன் கொக்கிளாய்க்குப் போயிட்டான். அவனுக்கும் கட்டாய ஓய்வு."

கிளிநொச்சியிலிருந்து ஏரம்பு வாய்க்காலுக்கு வந்தபோது கடைசி வாய்க்கால் சனம் முழுக்க மேல் வாய்க்கால் கதவடியில் நின்றது. மேல் வாய்க்கால்களில் தண்ணீர் வரம்பு தட்டி வழிந்துகொண்டிருந்தது. மேல் வாய்க்கால்காரர் சிலர் வரம்பில் நின்று, "எங்களுக்கு என்ன தெரியும்? திறப்பு உங்கடை விதானையிட்டை" என்று நல்லபிள்ளைக்குக் கதைத்தார்கள். தண்ணீர் கூடிப்போனால் வெட்டி ஓடையில் விட்டார்கள். கீழே விடவில்லை. பூட்டில் கைவைத்தால் ஏரம்பு கோட்டுக்கு ஏற்றுவார் என்று ஊருக்கே தெரியுமே.

கமலாசனியின் கையில் கோடரி இருந்தது.

"அத்தான், சொல்லுங்கோ. பூட்டை உடைச்சுக் கதவை இறக்கி விடுவம். வாற பழி எனக்கு."

சனம் ஏரம்புவின் முகத்தைப் பார்த்தது. அவர் ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பூட்டு என்ன பெரிய பூட்டு? ஆனால் அது அரசாங்கப் பூட்டு. அரசாங்கம் என்றால் எங்கோ ஓரிடத்தில் நியாயம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, சரியான ஆளைச் சரியான முறையில் கேட்டால் தந்துவிடும் என்று நம்பிய தலைமுறை அவர். தலைகீழாக நின்றாலும் அந்த நம்பிக்கை கழன்று விழாது.

"வேண்டாம் பிள்ளை. ஞாயிறு வரைக்கும் முறை இருக்கு. நான் போய் ஒழுங்கா வாங்கியண்டு வாறன்."

கமலாசனி கோடரியை இறக்கினாள்.

ஏரம்பு பஸ் பிடித்து முல்லைத்தீவுக்குப் போய், அங்கிருந்து லொறியிலும் கால்நடையிலுமாகக் கொக்கிளாய்க்குப் போய்ச் சேர்ந்தார். பேதுரு களப்புக் கரையில் இறால் வலை உதறிக்கொண்டிருந்தான். கட்டாய ஓய்வில் வந்தவன் கந்தோரில் ஒரு வருடம் செய்யாத வேலையை அங்கே ஒரு பகலில் செய்துகொண்டிருந்தான்.

"அலுமாரித் திறப்போ விதானையார்? என்னட்டை ஏது? அதையும் பகிரச் சொல்லித்தானே படிப்பிச்சவை. துரையின்ரை மேசை லாச்சிக்குள்ளை போட்டிட்டு வந்தனான்."

"அவருக்குச் சொன்னனீரோ?"

"சொல்லாமலோ? சொன்னனான். 'மேசையிலை ஒண்டும் இருக்கப்படாது' எண்டார். அதுதான் லாச்சிக்குள்ளை வைச்சன். அவர் ஒருநாளும் லாச்சி இழுத்து நான் காணேல்லை."

ஏரம்பு திரும்பி வந்து சேரவும் ஞாயிறு பொழுதுபடவும் சரியாக இருந்தது. மறுநாள் கந்தோர் திறந்தது. யோகநாதன் துரை லாச்சியை இழுக்கக் கிளாக்கரைக் கூப்பிட்டார். கிளாக்கர் பேதுருவைத் தேடினார். பேதுரு இன்னும் ஓய்வில். கடைசியில் ஏரம்புவே லாச்சியை இழுத்து, அலுமாரியைத் திறந்து, தாம்பாளத்திலிருந்து திறப்பை எடுத்தார். வெற்றிலை வாடிப்போயிருந்தது. முறை முடிந்ததென்று குளத்துக் கதவை அன்று விடியவே இறக்கிவிட்டார்கள். வாய்க்காலில் சேறுதான் மிச்சம். ஏரம்பு மேல் கதவுகளைப் பூட்டி, கீழ்க் கதவைத் திறந்து பார்த்தார். திறந்த கதவால் ஒரு தவளை போனது.

"பரவாயில்லை, அடுத்த முறை இருக்குத்தானே" என்றார் துரை.

அடுத்த முறை வந்தபோது கடைசி வாய்க்காலில் கதிர் வெளியே வந்து, வெள்ளையாக, நிமிர்ந்து நின்றது. பால் பிடித்த கதிர் தலைகுனியும். சப்பிதான் நிமிர்ந்து நிற்கும். கமலாசனி ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்து ஊதினாள். எல்லாம் பறந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏரம்பு தாங்கியிருப்பார். அதன்பிறகு அவர் வீட்டுக்கு அவள் வரவில்லை. அன்னபாக்கியம் சோற்றைப் புருசனுக்கு முன்னால் வைத்துவிட்டு, உடனே குசினிக்குள் போய்விடுவாள்.

இனி நடந்ததுதான் உச்சம். உசார்க் கந்தோரின் சாதனைகளைப் பார்க்கக் கொழும்பிலிருந்து பெரியதுரை வந்தார். யோகநாதன் துரை அவரை வேறெங்கும் கூட்டிப் போகவில்லை, நேரே கடைசி வாய்க்காலுக்கே கூட்டிவந்தார். நல்ல அறுவடை நேரம், முன்பகல். கடைசி வாய்க்கால் சனம் முழுக்க ஒரு மருதமரத்தின் கீழ் குந்தியிருந்தது. அரிவாள் ஒருவர் கையிலும் இல்லை. என்னத்தை அறுக்க?

"பாருங்கோ சேர்" என்றார் யோகநாதன் துரை, குரல் தழுதழுக்க. "போன வருடம் இதே நேரம் இந்தச் சனம் விடியத் தொடங்கிப் பொழுதுபடும் மட்டும் ஓடித் திரிஞ்சது. ஒருதருக்கும் நிண்டு கதைக்க நேரமில்லை. இண்டைக்கு எவ்வளவு ஆறுதலா இருக்கினம். அவசரமில்லை, அந்தரமில்லை. எல்லாம் தலைவர் ஓய்வெடுக்கப் பழகினதாலை வந்த மாற்றம்."

பெரியதுரை படம் எடுக்கச் சொன்னார். பிறகு ஏரம்புவை முன்னால் இழுத்து, மாகாணத்திலேயே களைப்புக் குறைந்த தலைவர் என்று மாலை போட்டார்கள். ஒரு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஏரம்பு சனத்தின் முகத்தைப் பார்க்க ஏலாமல் மாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கமலாசனி எழும்பினாள்.

"நான் சொல்லுறன் ஐயா. துரைமார் தந்த ஆறுதல் பெரிய ஆறுதல். இந்த முறை அரிவாள் பிடிச்சு அருவி வெட்டத் தேவையில்லை. சூடு மிதிக்கத் தேவையில்லை. தூத்திப் பிடைச்சு மூட்டை கட்டத் தேவையில்லை. நெல்லு அவிக்கிற வேலையும் இல்லை, குத்துற வேலையும் இல்லை. வாற மாசம் தொடக்கம் அடுப்பு மூட்டுற வேலையும் குறையும். என்ரை பிள்ளையளுக்குச் சாப்பிட்ட களைப்புக் கூட வராது."

பெரியதுரை கைதட்டினார்.

"எவ்வளவு தெளிவான பேச்சு" என்றார். "எழுதியெடும் யோகநாதன். இந்த அம்மாவைக் கொழும்புக்குக் கூப்பிட்டு மற்றத் தலைவர்களுக்கும் பேச வைக்கவேணும்."

யோகநாதன் துரை கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் எழுதினார்.

ஜீப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு போனபின் சனம் ஒவ்வொருவராகக் கலைந்தது. கமலாசனியின் வேலிக்கு வெளியே ஊர் மாடுகள் காய்ந்த பயிரைப் பார்த்துக்கொண்டு நின்றன. வேலி வாசலான கடப்பில் குறுக்கே போட்ட தடியில் அவள் கைவைத்தாள். இழுத்தாள். தடி வந்தது, கை வரவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். தன் கையால் நட்ட பயிருக்குள் மாட்டை விடுவதென்றால் லேசான காரியமா?

ஏரம்பு கழுத்து மாலையோடு போய் அவள் கையிலிருந்த தடியை வாங்கினார். ஒவ்வொன்றாக எல்லாத் தடிகளையும் உருவிக் கீழே போட்டார். மாடுகள் உள்ளே இறங்கின. அந்த வருடம் கடைசி வாய்க்காலுக்கென்று ஏரம்பு நேரத்துக்குத் திறந்துவிட்டது அந்தக் கடப்பு ஒன்றைத்தான்.

"கோடரியை அண்டைக்குப் போட்டிருக்கலாம் பிள்ளை" என்றார்.

"ஓம் அத்தான்" என்றாள் கமலாசனி. "பூட்டிலை போட்டிருக்கத் தேவையில்லை. அந்த உசார்க் கந்தோர்க் கதவிலை போட்டிருக்கவேணும்."